ஐந்து வாக்குகளில் நின்ற வெற்றி

ஒரு வாக்கினால் என்ன மாறிவிடப் போகிறது என்று தேர்தல் நாளன்று வீட்டிலேயே தங்கிவிடுவோர் எங்கும் உளர். இலுப்பைக்கடவை போன்ற கரையோரக் கிராமங்களிலும் அவ்வாறு எண்ணுவோர் இருக்கக்கூடும். அத்தகையோர் அறிந்திருக்க வேண்டியது தாதாபாய் நௌரோஜியின் வரலாறாகும்.

1825 செப்டெம்பர் 4 ஆம் திகதி வறிய பார்சிக் குடும்பமொன்றில் பிறந்த நௌரோஜி, நான்கு வயதில் தந்தையை இழந்து தாயாரின் உழைப்பினால் கல்வி கற்றார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், 1855 இல் வணிகத்தின் பொருட்டு இங்கிலாந்து சென்றார். இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் பிரித்தானியாவுக்கு வடிந்து செல்வதைக் கணக்கிட்டுக் காட்டினார். அதனைச் சட்டம் இயற்றும் சபையிலேயே எடுத்துரைக்க விரும்பி, 1886 இல் ஹோல்போர்ன் தொகுதியில் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். 1888 இல் பிரதமர் சாலிஸ்பரி அவரது நிறத்தைச் சுட்டி இழிவாகப் பேசியபோதும் அவர் பின்வாங்கவில்லை.

1892 பொதுத்தேர்தலில் மத்திய பின்ஸ்பரி தொகுதியில் அவர் வெற்றி பெற்றார். வாக்கு வித்தியாசமோ வெறும் ஐந்து! தோல்வியுற்ற பென்டன் அம்முடிவை எதிர்த்துத் தேர்தல் மனு தாக்கல் செய்தார். வெற்றி பெற்றவரின் ஆசனம் நிலைக்குமா என்ற கேள்வி எழுந்தது. இறுதியில் மனு மீளப்பெறப்பட்டு, நௌரோஜியின் ஆசனம் உறுதியாயிற்று.

இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என அவர் போராடினார். 1893 இல் அதற்கான தீர்மானம் பொதுச்சபையில் நிறைவேறியது. எனினும் அரசு அதனை நடைமுறைப்படுத்தவில்லை. 1895 தேர்தலில் அவர் தோல்வியடைந்தார். 1906 இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது, இளம் வழக்கறிஞரான முகம்மது அலி ஜின்னா அவரது செயலாளராகப் பணியாற்றியமை குறிப்பிடத்தக்கது. 1917 ஜூன் 30 இல் அவர் காலமானார்.

ஐவர் மனம் மாறி வாக்களித்திருந்தால் அந்தக் குரல் அச்சபையில் ஒலித்திராது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், போரினால் ஊர் ஊராக இடம்பெயர்ந்த தமிழர்களும் வாக்காளர் இடாப்பில் ஒரு பெயரின் பெறுமதியை நன்கறிவர். சிறுபான்மையினருக்கு வாக்குரிமை என்பது சலுகையன்று, பாதுகாப்பு. முடிவில் ஐயம் எழுந்தால் அதனைத் தெருவிலன்றிச் சட்டத்தின் முன் தீர்த்துக்கொள்வதே மக்களாட்சிக்கு அழகு. பின்ஸ்பரியின் ஐந்து வாக்குகள் நமக்கு உணர்த்துவது இதுவே.