சீமோர் கிரே

சீமோர் ரோஜர் கிரே (செப்டம்பர் 28, 1925 - அக்டோபர் 5, 1996) மீத்திறன் கணினிகளை வடிவமைத்த அமெரிக்க மின்பொறியாளர் ஆவார். விஸ்கொன்சின் மாநிலத்தின் சிப்பேவா ஃபால்ஸ் நகரில் பிறந்தார். இவர் வடிவமைத்த சிடிசி 6600 (1964) அன்றைய அதிவேகக் கணினியாக விளங்கியது. 1972இல் கிரே ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்.

குளிரூட்டலும் தோற்றமும்

சுற்றுகளை நெருக்கமாக அமைத்தால் கம்பிகளின் நீளம் குறைந்து வேகம் கூடும்; ஆனால் வெப்பமும் ஓரிடத்தில் குவியும். ஆகவே கிரே-1 (1976) கணினியில் ஃபிரியான் குளிர்பொருள் குழாய்களின் வழியே செலுத்தப்பட்டது. குளிர்பொருளுடன் கலந்த எண்ணெய் கசிந்து சுற்றுப்பலகைகளில் படிந்ததால் முதற் கணினி ஆறு மாதங்கள் தாமதமானது. புதிய பற்றவைப்பு முறை இச்சிக்கலைத் தீர்த்தது. அதன் கோபுரம் ஆங்கில சி எழுத்தின் வடிவிலானது. அதைச் சுற்றிய மெத்தை இருக்கைகளின் அடியில் மின்வழங்கிகள் இருந்தன. கிரே-2 (1985) கணினியின் சுற்றுகள் மின்கடத்தாத ஃபுளூரினெர்ட் திரவத்தில் மூழ்கியிருந்தன. இன்று வரைகலை அட்டைகளை நீரால் குளிர்வித்து அழகுபடுத்துவோர் எதிர்கொள்வதும் இதே வெப்பச் சிக்கலே.

இந்தியா

இந்நிறுவனத்தின் எக்ஸ்-எம்பி கணினி 1980களின் இறுதியில் வானிலை முன்கணிப்புக்காகத் தில்லியில் நிறுவப்பட்டது. அதைவிட ஆற்றல்மிக்க வகையை விற்க அமெரிக்கா இசையவில்லை. இந்தியா 1988இல் சி-டாக் மையத்தை நிறுவி, 1991இல் பரம் 8000 கணினியை உருவாக்கியது.

மறைவு

1996 செப்டம்பரில் சாலை விபத்தில் காயமுற்ற கிரே, இரு வாரங்களில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் காலமானார்.