கழற்றிப் பார்த்த மனிதர்: ஜி.டி.நாயுடுவும் நம் வீட்டு ரிப்பேர்களும்



போன கோடையில் நம் குடியிருப்பில் ஒரு வீட்டு சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. வீட்டில் இருப்பவர்கள் வயதான தம்பதி, பிள்ளைகள் வெளியூரில். கிருஷ்ணன்கோவிலில் இருந்துகொண்டு ஒரு சின்ன வேலைக்கு ஆள் பிடிப்பது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டால் நாளைக்கு என்பார்கள், ராஜபாளையத்தில் கேட்டால் வந்து பார்ப்பதற்கே தனிக் காசு. பத்து நாள் புழுக்கத்தில் கிடந்த பிறகு ஒருவர் வந்தார். ஃபேனுக்கு மேலே கிண்ணத்துக்குள் இருக்கும் கன்டென்சரை மாற்றினார். ஐந்து நிமிட வேலை. அந்தப் பொருளின் விலை நூறு ரூபாய்க்குள்தான்.

அடுத்த வீட்டில் நான்தான் இருக்கிறேன். எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்த இதழுக்கு ஜி.டி.நாயுடுவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அவரைத் தெரியும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் மட்டும் தெரியும், விஞ்ஞானி என்பார்கள். உண்மையில் அவர் எந்தப் பட்டமும் பெறாதவர். எதைக் கண்டாலும் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற குணம் மட்டும் இருந்தது. அந்தக் குணம் நமக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால் வீட்டுச் செலவில் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம்.

ஒரு மோட்டார் சைக்கிள்

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23-ஆம் தேதி, கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில். தாயை இளம் வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை; தொடக்கப் படிப்போடு அது நின்றுபோயிற்று. தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன், ஒருநாள் ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதை அதுவரை அவன் பார்த்ததில்லை.

அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார் நாயுடு. கையில் காசு இல்லை. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். வருடக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சில நூறு ரூபாய் தேறியதும் அந்த வண்டியை விலை பேசி வாங்கினார்.

வாங்கியதும் ஊர் சுற்றிக் காட்டியிருக்கலாம். அவர் செய்தது வேறு. வண்டியை முழுவதுமாகப் பிரித்துப் போட்டார், பிறகு திரும்பவும் பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, புத்தகமும் இல்லை. அந்த ஒரு வண்டிதான் அவரை மெக்கானிக் ஆக்கியது.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. பிரிப்பது சுலபம், பூட்டும்போதுதான் கை நடுங்கும். அவரிடம் இல்லாத ஒரு வசதி நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும் முன்பும் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வையுங்கள். பூட்டும்போது படங்களைக் கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் போதும்.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

மெக்கானிக் வேலைக்குப் பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பம்பாய் வரை போய் அதில் பணத்தை இழந்து திரும்பினார். கோவையின் பெரிய தொழிலதிபரான ஸ்டேன்ஸ் அவருக்குக் கைகொடுத்தார். 1920-இல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் சில வருடங்களில் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

பஸ்கள் பெருகினால் ரிப்பேரும் பெருகும். பழுதான பிறகு பார்ப்பதைவிடப் பழுதாகும் முன்பே கண்டுபிடிப்பது லாபம் என்று கணக்குப் போட்டார் நாயுடு. இன்ஜின் ஓடும்போது வரும் அதிர்வை வைத்தே உள்ளே இருக்கும் கோளாறைச் சொல்லும் ஒரு கருவியைச் செய்தார்.

வீட்டிலும் அதே கணக்குதான். சொட்டும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. சொட்டு சின்னதாக இருந்தாலும் நாளுக்குச் சில லிட்டர் வீணாகிவிடும். பழைய மாதிரி திருகும் குழாயில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர்தான் தேய்ந்திருக்கும். கால் சுற்றுத் திருப்பும் புது மாதிரிக் குழாயில் உள்ளே ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கும். எதுவானாலும் முதலில் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போங்கள். வாயால் சொல்லி வாங்கினால் அளவு மாறிவிடும். திரும்பப் பூட்டும்போது டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது அது கழன்று வந்துவிடும்.

குறைந்த விலையில் தரம்

1930-களில் நாயுடு வெளிநாடுகளுக்குப் போய் வந்தார். பார்த்ததையெல்லாம் இங்கேயே, இன்னும் மலிவாகச் செய்ய முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. மிக மெல்லிய சவர பிளேடு, சின்ன மோட்டாரில் ஓடும் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம், கரண்ட் இல்லாத ஊருக்கு மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் என்று பட்டியல் நீளும். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். இன்று நம் சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கோவைத் தயாரிப்பாக இருந்தால், அதன் பூர்வீகக் கதையில் இவருக்கும் ஒரு பங்கு உண்டு.

மலிவு என்பதற்காக அவர் தரத்தை விட்டுக்கொடுத்ததில்லை. வீட்டைப் புதுப்பிக்கும்போது நாம் தவறுவது இங்கேதான். சுவரில் ஈரம் கசிந்து பெயின்ட் உரிந்திருக்கும்; அதன் மேலேயே இன்னொரு கோட் அடிப்போம். அடுத்த மழையில் மறுபடி உரியும், போட்ட காசு போச்சு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கும், டைல்ஸ் இடுக்கில் சாந்து போயிருக்கும். இடுக்கைச் சுரண்டி, புதிதாகக் கிரவுட் அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர், பெயின்ட் என்று வரிசையாகப் போக வேண்டும்.

முழு வீட்டுக்கும் அடிக்கக் காசு இல்லையென்றால் ஹாலில் ஒரே ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து அடி சுவருக்கு இரண்டு கோட் அடிக்கச் சுமார் ஒன்றரை லிட்டர் எமல்ஷன் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். வீடே புதிதாகத் தெரியும்.

தோற்ற இடங்கள்

நாயுடு எல்லாவற்றிலும் ஜெயித்தவர் அல்ல. 1936-இல் தேர்தலில் நின்று தோற்றார். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் உருவாகக் காரணமாக இருந்து, அவற்றைத் தாமே நடத்தவும் செய்தார். நான்கு வருடப் படிப்பு நேரத்தை வீணாக்குகிறது, இரண்டே வருடத்தில் கையில் வேலை பழக்கிக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. அரசு ஒப்புக்கொள்ளவில்லை; அவர் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 1952-இல் 2,000 ரூபாயில் இருவர் போகக்கூடிய கார் ஒன்றைச் செய்தார். லைசென்ஸ் கிடைக்காமல் அது நின்றுபோயிற்று.

வரிச்சுமையைக் கண்டித்து ஒரு கட்டத்தில் தம் தயாரிப்புகளைப் பொதுமக்கள் முன்னாலேயே உடைத்துப் போட்டார். வாழ்நாளெல்லாம் பிரித்துப் பூட்டிய கை அது. அன்று உடைத்தவை மறுபடி பூட்டுவதற்கு இல்லை. கோபத்தில் செய்தது சரியா என்று அன்றே பலர் கேட்டார்கள். எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால், உழைத்துச் செய்த பொருளை ஊர் மதிக்கவில்லை என்றால் ஒரு தொழிலாளிக்கு எப்படி வலிக்கும் என்பது புரிகிறது. நம் வீட்டுக்கு வரும் பிளம்பரிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் பேரம் பேசும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

1974 ஜனவரி 4-ஆம் தேதி நாயுடு காலமானார். கோவை அவிநாசி சாலையில் அவர் சேர்த்து வைத்த பொருள்களின் காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

எதில் கை வைக்கலாம், எதில் கூடாது

துணிச்சல் வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு. ஃபேன் கன்டென்சரை நீங்களே மாற்றலாம். ஆனால் ரெகுலேட்டரை அணைத்தால் போதாது, எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழைய கன்டென்சரில் கரண்ட் தேங்கி நிற்கலாம். அதன் இரண்டு ஒயர் முனைகளையும் வெறும் கையால் தொடாதீர்கள். அதன் மேல் 2.5 என்றோ வேறு எண்ணோ எழுதியிருக்கும். அதே எண்ணுள்ளதைத்தான் வாங்க வேண்டும். ஏணியில் ஏறும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடாதீர்கள், உள்ளே ஒயர் ஓடும்.

மீட்டர் பெட்டி, கேஸ் இணைப்பு, சுவரை இடிப்பது, பொதுக் குழாய், இவற்றில் கை வைக்கவே வேண்டாம். நம் ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு டிரில்லிங் மெஷினை ஒரு வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறைதான் எடுப்போம். ஆனால் வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், இல்லாத வீடுகள் ஆளுக்குக் காத்திருக்கின்றன. சங்கத்தின் செலவில் ஓர் ஏணி, ஒரு டிரில், டெஸ்டர், ஸ்பேனர் செட், பட்டி இழுக்கும் தகடு ஆகியவற்றை வாங்கி, நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகும்படி அலுவலக அறையில் வைக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை முன்வைக்கப் போகிறேன். ஆதரித்தாலும் எதிர்த்தாலும் தவறாமல் வாருங்கள்.

அதோடு, கருவி எடுத்துப்போக முடியாத வயதில் இருப்பவர்கள் நம் ஒவ்வொரு மாடியிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றினால், இந்த முறை பத்து நாள் ஆக வேண்டாம். கன்டென்சர் மாற்ற நான் இப்போது கற்றுக்கொண்டுவிட்டேன், கதவைத் தட்டுங்கள்.