கத்தரிக்கோலால் ஒரு முழுநீளப் படம்

பழைய கதை ஒன்றை ஏஐகிட்ட கொடுத்து அனிமேஷன் ஆக்கிப் பார்த்திருப்பீங்க. கையில் ஆறு விரல் வந்தா இன்னொரு தடவை கேட்டா போச்சு. அதுக்கு முன்னாடி லோட்டே ரைனிகரைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க.

1899இல் பெர்லினில் பிறந்தவர். கத்தரிக்கோலால் நிழலுருவம் வெட்டுவதில் சின்ன வயசிலேயே கில்லாடி. 1923இல் லூயி ஹாகன் என்ற வங்கியாளர் பணம் போட்டார். போட்ஸ்டாமில் அவருடைய கராஜுக்கு மேலே இருந்த பரண்தான் ஸ்டூடியோ. எடுத்துக்கொண்டது ஆயிரத்தொரு இரவுகள். ஆனா அப்படியே எடுக்கலை, இளவரசர் அக்மதின் கதைக்குள் அலாவுதீனையும் கொண்டுவந்து நுழைத்தார்.

கறுப்பு அட்டை, மெல்லிய ஈயத்தகடு, மூட்டுக்கு மூட்டு கம்பி. கண்ணாடி மேசையில் உருவத்தைப் படுக்க வைத்தால் கீழே விளக்கு, மேலே கேமரா. ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொண்ணு. கண், மூக்கு எதுவும் தெரியாத உருவம் பாருங்க, கோபமோ வெட்கமோ கழுத்துச் சாய்வில்தான் வரணும். கணவர் கார்ல் கோக் கேமராவில். மந்திரக் காட்சிகளுக்கு வால்டர் ருட்மன் கைகொடுத்தார். இப்படியே மூணு வருஷம்!

1926இல் படம் வெளிவந்தது. டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் வர இன்னும் 11 வருஷம் இருந்தது.

ஹிட்லர் வந்ததும் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். எங்கேயும் நிரந்தர விசா கிடைக்காமல் நாடு நாடாக அலைச்சல். போரில் படத்தின் மூல நெகட்டிவும் போச்சு. வெளிநாட்டில் தப்பிய பிரதியிலிருந்து மீட்டதைத்தான் இன்னைக்கு நாம பார்க்கிறோம்.

1970களில், எழுபது வயசு தாண்டி, கனடாவில் ஒரு இடைக்காலப் பிரெஞ்சுக் காதல் கதையைப் படமாக்கினார். அப்பவும் கத்தரிக்கோல்தான்.