நாடகம் கற்பித்த தாகூர்

அளந்து எண்ணால் குறித்தாலன்றி எதையும் ஏற்காத அறிவியல் மாணவர் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆயினும், நாடகத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடும் வழக்கம் சில பள்ளிகளில் வந்திருப்பதை எண்ணும்போது என் மனம் ஒப்பவில்லை. மாணவனின் நடிப்பை எந்த அளவுகோலால் அளப்பது? விடை தேடிய எனக்கு வழிகாட்டியது இரவீந்திரநாத தாகூரின் வாழ்க்கை. கவிஞராக அவரை நாம் அனைவரும் அறிவோம். நாடகம் கற்பித்த ஆசிரியராக அவரை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

1861-இல் கல்கத்தாவில் பிறந்த தாகூருக்குப் பள்ளிக்கூடம் சிறைக்கூடமாகவே தோன்றியது. பள்ளிகள் பல மாறினார், எதிலும் நிலைக்கவில்லை. இங்கிலாந்து சென்றும் பட்டம் பெறாமலே திரும்பினார். ஆனால், வீட்டிலே இசையும் நாடகமும் தழைத்திருந்தன. 1881-இல் தாம் இயற்றிய ‘வால்மீகி பிரதிபா’ என்னும் இசை நாடகத்தில் தாமே வால்மீகியாக நடித்தார். அப்போது அவருக்கு வயது 19.

1901-இல் சாந்திநிகேதனத்தில் ஒரு சில சிறுவர்களுடன் பள்ளி தொடங்கினார். மரத்தடியே வகுப்பறை. 1908-இல் அச்சிறுவர்கள் நடிப்பதற்கென்றே ‘சாரதோத்சவம்’ எழுதினார். ஆண்பிள்ளைகள் மட்டுமே பயின்ற பள்ளியாதலால் அதில் பெண் பாத்திரமே இல்லை. மாணவருக்கு ஏற்ப நாடகத்தை அமைத்தாரேயன்றி, நாடகத்துக்கு ஏற்ப மாணவரை வளைக்கவில்லை! வண்ணம் தீட்டிய திரைகளையும் அவர் விரும்பவில்லை. காண்போரின் கற்பனையே காட்சியைப் படைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

பயிற்றும் முறையும் புதுமையானது. முதலில் நாடகம் முழுவதையும் தாமே படித்துக் காட்டுவார். ஒத்திகையை யாரும் வந்து பார்க்கலாம். ஆகவே, நடிக்காத பிள்ளைகளுக்கும் பாடல்கள் மனப்பாடமாகிவிடும். 1916-இல் பாங்குரா பஞ்ச நிவாரணத்துக்காக ‘பால்குனி’யைக் கல்கத்தாவில் நடத்தியபோது, நோபெல் பரிசு பெற்ற அப்பெரியார் மாணவரோடு மாணவராகக் குருட்டுப் பாவுல் பாடகராக மேடை ஏறினார்.

நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையில் ஆடுவது இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. 1926-இல் ‘நடீர் பூஜா’வில் மாணவிகளை நடிக்கச் செய்தார். மறு ஆண்டு கல்கத்தாவில் அது நடந்தபோது, பழிச்சொல் எழாதிருக்கத் தமக்கென ஒரு பாத்திரம் சேர்த்து, அவர்களோடு மேடையில் தோன்றினார். மாணவரைத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு வெளியே நிற்கும் ஆசிரியர் அல்லர் அவர்!

முதுமையிலும் ஓயவில்லை. 1936-இல், தம் 74-ஆம் வயதில், விசுவபாரதிக்குப் பொருள் திரட்ட மாணவருடன் ‘சித்திராங்கதா’ நாட்டிய நாடகத்தை ஊர் ஊராக நடத்தினார். தில்லியில் இதைக் கண்டு வருந்திய காந்தியடிகள் 60,000 ரூபாய் கிடைக்கச் செய்து, அப்பயணத்தை நிறுத்தினார்.

1941-இல் தாகூர் மறைந்தார். மறு ஆண்டு ஜூலையில், வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், யானுஷ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர் தம் அநாதை இல்லத்துக் குழந்தைகளைக் கொண்டு தாகூரின் ‘டாக் கர்’ என்னும் அஞ்சல் நிலைய நாடகத்தை நடத்தினார். சாளரத்தருகே அமர்ந்து, அமைதியாக மரணத்தை எதிர்கொள்ளும் நோயாளிச் சிறுவனின் கதை அது. அடுத்த மாதமே அக்குழந்தைகளும் அவரும் திரெப்ளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அந்தக் குழந்தைகளுக்கு நூற்றுக்கு எத்தனை கொடுப்பீர்கள்?

குரல் எட்டியதா, வசனம் பிசகியதா என்பவற்றை வேண்டுமானால் அளக்கலாம், அளக்கவும் வேண்டும். ஆனால், பிறன் ஒருவனாக நின்று பார்த்த பிள்ளையின் உள்ளம் எவ்வளவு விரிந்தது என்பதை அளக்கும் கருவி எங்கள் ஆய்வுக்கூடத்தில் இல்லை. நம் சங்க விழாவில் நாடகத்துக்குப் பரிசு வழங்கும் நண்பர்கள் இதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.