டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

கோதாவரிப் பகுதியிலுள்ள பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் பிறந்து, நம் சென்னையிற் கல்வி பயின்று, அமெரிக்காவிற் புகழெய்தி மறைந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் சரித்திரத்தை இங்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் பெயரைக் கேட்டறிந்தோர் பலர். ஆயினும் அவர் நிறுவிய ஆராய்ச்சியின் விளைவொன்று நாம் உண்ணும் கோழியிறைச்சி வரை வந்து நிற்பதை அறிந்தோர் சிலரே.

இளமையில் அவருக்குக் கல்வி எளிதில் வாய்க்கவில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியினின்று எழுதித் தேறினார். பின்னர் இராஜதானிக் கலாசாலையிலும், அதன்மேல் சென்னை வைத்தியக் கலாசாலையிலும் பயின்றார். இதற்கிடையில் உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் குடல்நோய் கொண்டுபோயிற்று. நோய்க்கு மருந்து காணவேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றியது அக்காலத்திலேயே எனலாம்.

காந்தியடிகளின் அழைப்பிற்கிசைந்து அவர் கதராடையாலான அங்கியணிந்து சத்திர சிகிச்சை வகுப்பிற்குச் சென்றமை ஆங்கிலேய ஆசிரியருக்கு உவப்பாயில்லை. ஏனைய பாடங்களில் நன்கு தேறியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாது, அதனினுந் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிட்டிற்று. அரசாங்க வைத்திய உத்தியோகம் கைகூடாமையால், டாக்டர் லட்சுமிபதி அவர்களின் ஆயுர்வேதக் கலாசாலையில் உடற்கூற்று நூல் போதிக்கும் ஆசிரியராய் அமர்ந்தார். பட்டம் குறைந்ததால் நாடு இழந்தது ஒரு வைத்தியரை. உலகம் பெற்றது ஓர் ஆராய்ச்சியாளரை. பேரம் யாருக்கு இலாபம் என்பதை மாணவர்களே கணக்கிடுக.

மாமனாரும் தருமஸ்தாபனமொன்றும் உதவிய பொருளைக் கொண்டு 1922-இல் பாஸ்டன் நகரை அடைந்தார். ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாளாய் ஊழியஞ் செய்து வயிறு வளர்த்து, ஹார்வர்டு சர்வகலாசாலையில் உஷ்ணதேச நோய்களைப் பற்றிய படிப்பை முடித்தார். ஃபிஸ்கே என்னும் ஆசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலுமுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார். அம்முறை இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. தசை இயங்குதற்குரிய ஆற்றலைத் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளைக் கண்டதிலும் அவருக்குப் பங்குண்டு. எனினும் ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டவில்லை. 1940-இல் நியூயார்க்கு மாகாணத்துப் பேர்ல் ரிவர் என்னுமிடத்திலுள்ள லெடர்லி மருந்துச் சாலையிற் சேர்ந்தார்.

ஆங்குக் கழிந்த எட்டாண்டுகளில் அவர் தலைமையில் நிகழ்ந்தவை வியக்கத்தக்கன. ஸ்புரூ நோயின் சோகையைத் தீர்க்கும் ஃபோலிக் அமிலம் 1945-இல் ஆய்வுச் சாலையில் ஆக்கப்பட்டது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு அன்றுதான் விடை கிடைத்தது. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் மருந்து 1947-இல் வெளிவந்தது. பிற்காலத்தில் நம் செங்கற்பட்டுப் பக்கத்து ஊர்களில் வீடுதோறும் வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை அதுவேயாம்.

ஓய்வுபெற்ற தாவரநூற் பேராசிரியர் பெஞ்சமின் டுக்கர் என்பார் இவர் மேற்பார்வையில் பற்பல இடத்து மண்ணைச் சோதித்து வந்தார். மிசௌரி மாகாணத்து வயலொன்றின் மண்ணில், பொன்னிறங் கொண்ட நுண்ணுயிர் ஒன்று அகப்பட்டது. அஃது ஈன்ற மருந்தே ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகளுள் முதலாவது. 1948 ஜூலையில் அஃது உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஐம்பத்து மூன்றாம் வயதில், சுப்பாராவ் உறக்கத்தில் உயிர் நீத்தார்.

இனி நிகழ்ந்தது அவர் அறியாதது. அதே சாலையைச் சேர்ந்த ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் இருவர், கோழிக்குஞ்சுகளுக்கு ஏற்ற மலிவான வைட்டமின் பி-12 தேடி, ஆரியோமைசின் காய்ச்சிய தொட்டிகளிற் கழிந்த வண்டலைத் தீனியிற் கலந்தனர். குஞ்சுகள் எதிர்பாராத அளவு பருத்தன. காரணம் வைட்டமின் மட்டுமன்று, வண்டலில் எஞ்சிய மருந்தே எனத் தெரிந்து, 1950-இல் அதனை வெளியிட்டனர். டன் தீனிக்குச் சில கிராம் மருந்து போதும் என்றால் எந்தப் பண்ணைக்காரர் வேண்டாமென்பார்? நோயற்ற கோழிக்கு நாடோறும் மருந்தூட்டும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று.

சிற்றளவு மருந்தில்தான் கேடு ஒளிந்திருந்தது. அது கோழியின் குடலிலுள்ள எளிய கிருமிகளை மாய்த்து, தாங்கவல்லவற்றை எஞ்சவிடும். எஞ்சியவை பெருகும், அத்தாங்குதிறனைப் பிற கிருமிகளுக்கும் கைமாற்றும். பாஸ்டனுக்கு அண்மையிலிருந்த பண்ணையொன்றில் ஸ்டூவர்ட் லெவி என்னும் வைத்தியர் டெட்ராசைக்ளின் இனத்து மருந்தைத் தீனியிற் கலந்து குஞ்சுகளுக்கு ஊட்டிச் சோதித்து, முடிவை 1976-இல் வெளியிட்டார். சில நாட்களில் குஞ்சுகளின் குடற்கிருமிகள் அம்மருந்திற்கு அஞ்சாதனவாயின. சில மாதங்களில், மருந்தே உண்ணாத பண்ணைவீட்டாரின் குடலிலும் அத்தகையன காணப்பட்டன. ஊட்டாத வேறு மருந்துகளுக்கும் அவை அசையவில்லை என்பதே நம்மை மிகவும் திகைக்கச் செய்கிறது.

ஐரோப்பிய நாடுகள் வளர்ச்சிக்காக இம்மருந்துகளை ஊட்டுவதை 2006-இல் அறவே விலக்கின. நம் நாட்டில், மனிதருக்குக் கடைசித் துணையாயுள்ள கோலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் ஏனைய உணவுப் பிராணிகளுக்கும் கொடுத்தல் 2019-இல் தடுக்கப்பட்டது. நாமக்கல் முதலிய இடங்களிற் கோழி வளர்ப்பு பெருந்தொழிலாய் ஓங்கிய மாகாணம் நம்முடையது. தாம்பரத்துச் சந்தையிற் கோழி வாங்கும் நமக்கு இது பிறர் வீட்டுச் செய்தியன்று.

இப்பழியைச் சுப்பாராவ்மேற் சுமத்துவார் உளராயின் அவரோடு நாம் உடன்படோம். நோயாளிக்கென ஆக்கிய மருந்தை நோயற்ற கோழிக்கு இட்டது அவரன்று. ஆயினும் அவர் சரித்திரத்தை எழுதுவோர் ஆரியோமைசினைப் புகழ்ந்துவிட்டுக் கோழித்தீனியைப் பேசாது விடுவதும் முறையன்று என்பது நம் கருத்து.

அமெரிக்காவில் இருபத்தைந்தாண்டுகளுக்குமேல் வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெறாமலே மறைந்தார். நம் அரசாங்கம் அவர் நூற்றாண்டாகிய 1995-இல் அஞ்சல் தலை வெளியிட்டது. அதற்கு முன்னரே, 1953-இல், அமெரிக்க அறிஞர் ஒருவர் புதிதாய்க் கண்ட பூஞ்சையொன்றிற்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிட்டிருந்தார்.