கொல்லைப்புறத்தில் பருந்தா? மா.கிருஷ்ணன் காட்டிய வழி என்ன?

துறையூர் பக்கம் உப்பிலியபுரத்தில், பச்சமலைக்கு மேலே பருந்து வட்டமடித்தால் கை தானா மொபைலைத் தேடும். ‘நல்ல கேமரா இல்லையே’ என்ற ஏக்கமும் வரும். இந்த ஏக்கத்துக்கு மருந்து, காட்டுயிர்ப் படக்கலைஞர் மா.கிருஷ்ணனின் வாழ்க்கை.

யார் இவர்?

எழுத்தாளர் அ.மாதவையாவின் கடைசி மகன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார். சட்டம் படித்தவர், ஆனா மனசு போனது காட்டுக்கு. 1940-களில் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை. பிறகு சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார்.

என்ன கேமரா?

வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கியது! கலர் ஃபிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடல.

எதைக் கவனித்தார்?

1950 முதல் கொல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 46 ஆண்டுகள் பத்தி எழுதினார். யானைக்குத் தந்த அதே கவனம், வீட்டைச் சுற்றித் திரியும் காக்கைக்கும் அணிலுக்கும் கிடைத்தது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1996 பிப்ரவரி 18-ல் அவர் இறந்த அன்றும் பத்தி வெளியானது.

நமக்கு என்ன?

கொல்லையில் அணில் விடாமல் கத்துதா? பக்கத்து மரத்தில் வல்லூறு உட்கார்ந்திருக்கலாம். லென்ஸ் அப்புறம் வாங்கலாம். அணில் சொல்றதைக் கேட்கப் பழகுவதுதான் முதல் வேலை.