கங்கை நீரும் குழாய்த் தண்ணீரும்

பெருமுக்கலில் கூட்டம் முடிந்து, இரவு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். மரக்காணத்து உப்பளத்தில் நின்று நின்று பாதம் வெடித்துப்போன தோழர் ஒருவர் அருகே வந்தார். மகளுக்கு வரன் அமையவில்லையாம். பரிகாரம் செய்யச் சொல்கிறாராம் சோதிடர். கோடை முழுதும் உப்பு வாரிச் சேர்த்த கூலியை அப்படியே கொடுக்கப் போவதாகச் சொன்னார். ஏன் என்றோம். முன்பொருமுறை அவர் சொன்னது பலித்ததே என்றார்.

நாம் சிரிக்கவில்லை. தகப்பனின் கவலை சிரிப்புக்குரியதா? ஒரு மனிதரின் கதையைச் சொன்னோம். அதையே இங்கும் எழுதுகிறோம்.

ஆபிரகாம் கோவூர் 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தார். தந்தையோ திருச்சபையின் பெரிய குரு. மகனோ எதையும் ஏன், எப்படி என்று கேட்கும் பிள்ளை! கல்கத்தாவுக்குப் படிக்கப் போனார். விடுமுறைக்குத் திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவரும்படி ஊரார் சிலர் கேட்டிருந்தனர். கங்கையில் பிணங்கள் மிதப்பதைக் கண்டவர் அந்த நீரை அள்ள மனமின்றி, வழியில் ரயில் நிலையக் குழாயில் பிடித்த தண்ணீரைக் கொடுத்தார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தத் தண்ணீரால் நோய் தீர்ந்தது என்றனர், நன்மை விளைந்தது என்றனர்! இதைப் பிற்காலத்தில் கோவூரே சொல்லியிருக்கிறார்.

ஊரார் பொய் சொன்னார்களா? இல்லை, தோழர்களே! தானே தீரக்கூடிய நோய் தீர்ந்தது. தண்ணீர் பெயரைத் தட்டிக்கொண்டது. தீராதவர் வாய் திறக்கவில்லை. பலித்தது நெஞ்சில் கல்வெட்டாகிறது. பலிக்காதது நீர்மேல் எழுத்தாகிறது. மனித மனத்தின் பழைய கோளாறு இது. படித்தவனுக்கும் உண்டு, பாமரனுக்கும் உண்டு. நமக்கு மட்டும் இல்லையா? நம் கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணி, வராத வீடுகளை எண்ணாமல், தேர்தலில் வெற்றி உறுதி என்று நாம் மார்தட்டியதில்லையா?

கோவூர் தாவரவியல் ஆசிரியரானார். 1928இல் யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரிக்கு அழைக்கப்பட்டார். அங்கே விவிலியப் பாடமும் நடத்தச் சொன்னார்கள். மாணவர் சிறப்பாகத் தேறினர். ஆனால் மறு ஆண்டு அந்தப் பாடம் அவருக்கு இல்லை! மதிப்பெண் வந்தது, நம்பிக்கை போயிற்று என்பதே கல்லூரித் தலைவரின் வருத்தம்.

1959இல் கொழும்பில் பணி ஓய்வு பெற்றார். பிறர் சாய்வு நாற்காலி தேடும் வயதில் இவர் பேய்வீடுகளைத் தேடிப் போனார். மனம் நொந்தவர்களைப் பேய் பிடித்தவர்கள் என்று ஊர் அடித்தபோது, அவர்களை உட்காரவைத்துப் பேசி நோயின் காரணத்தைக் கண்டார். 1963இல் இலட்சம் ரூபாய்ப் பரிசு அறிவித்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் பண நோட்டின் எண்ணைப் படியுங்கள். பத்துச் சாதகங்களைப் பார்த்து ஆண் யார், பெண் யார், உயிரோடிருப்பவர் யார், இறந்தவர் யார் என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றார். இப்படி இன்னும் பல சோதனைகள். ஏமாற்ற வழியில்லாதபடி சோதனை நடக்கவேண்டும் என்பது நிபந்தனை. 1978இல் அவர் மறையும்வரை பரிசு அப்படியே இருந்தது, வென்றவர் ஒருவருமில்லை.

இறந்தபின்பும் ஆசிரியராகவே இருந்தார். கண்களைத் தானம் செய்தார். உடலை மருத்துவ மாணவர்க்கும், எலும்புக்கூட்டைத் தாம் பணியாற்றிய கல்லூரிக்கும் எழுதிவைத்தார்.

கதை முடிந்ததும் தோழரைக் கேட்டோம். நீங்கள் பத்து நடை உப்புச் சுமந்தால், கணக்கப்பிள்ளை ஒன்றை மட்டும் எழுதி ஒன்பதை விட்டால் சும்மா இருப்பீர்களா? இருக்கமாட்டேன் என்றார். சோதிடரின் கணக்கிலே மட்டும் ஏன் அப்படி விட்டீர்கள்? அவர் சொன்னவை எத்தனை, பலித்தவை எத்தனை, பொய்த்தவை எத்தனை?

நெடுநேரம் பேசாதிருந்தார். விரல்விட்டு எண்ணினார். பிறகு, மடியிலிருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வீட்டில் கலந்து பேசுகிறேன் என்று எழுந்தார்.

அது போதும். எண்ணத் தொடங்கியவனை ஏமாற்றுவது எளிதல்ல. உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும்; இன்றே எழுதத் தொடங்குங்கள், தோழர்களே! பலித்ததை ஒரு பக்கம், பொய்த்ததை மறுபக்கம்.